வலது இறக்கையில் ஒன்பதாவது ரிப்

எங்கள் வீட்டு ஹாலில் நான்கு வருடம் விமானத்தின் இறக்கை கிடந்தது. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள், இல்லையென்றால் போட்டோ இருந்தால் காட்டுங்கள் என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இறக்கை பதினாலு அடி நீளம். எங்கள் ஹால் பதினெட்டு அடி. மீதி நாலடியில்தான் நான் சாப்பிட்டேன், டிவி பார்த்தேன், வந்தவர்களை உட்காரச் சொன்னேன். சொன்னாலும் எவரும் உட்காரவில்லை. எதையாவது இடித்துவிடுவோமோ என்று நின்றபடியே காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இதைச் செய்தவர் என் கணவர். திருப்பூர் நெருப்பெரிச்சலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் உண்டு. அதில் நாலு நிட்டிங் மெஷின் போட்டு, கூலிக்குப் பனியன் துணி பின்னித் தரும் ஜாப் ஒர்க் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் ஊரெல்லாம் போய் மெஷின் ரிப்பேர் பார்த்த மெக்கானிக். ஊசி உடைந்தால் சத்தத்திலேயே எந்த வரிசை என்று சொல்லிவிடுவார். கை அப்படிப்பட்ட கை. காரியம் செய்யும்போது அந்தக் கைக்கு எதிரில் யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது மட்டும்தான் குறை, அது சின்னக் குறை இல்லை என்று எனக்குத் தெரிய வெகுகாலம் ஆனது.

தொழில் படுத்ததும் மெஷின்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டார். அப்போதுதான் இந்தப் பித்து பிடித்தது. வெளியூர் போய் மாதக்கணக்கில் தங்கி, சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, சான்றிதழும் கையுமாக வந்தார். பிறகு ஒரு நாள் லாரியில் மூன்று மரப்பெட்டிகள் வந்தன. சட்டம் ஒரு பெட்டியில், மரக்குச்சிகளும் துணியும் ஒன்றில், எஞ்சின் ஒன்றில். வீட்டிலேயே வைத்துப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டிய விமானம். எங்கள் சந்துக்குள் லாரி நுழையாது என்பதால் நிட்டிங் மெஷின் ஏற்றி இறக்கும் ஆட்களைக் கூப்பிட்டார். அவர்களும் புது மெஷின் என்றே நினைத்து உருளையில் வைத்துத் தள்ளி வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் சாவகாசமாக வந்து, மெஷினின் ஊசி நெருக்கத்தை விசாரிப்பதாக, "எத்தன கேஜுங்க?" என்று கேட்டார். என் கணவர் சிரித்துக்கொண்டே, "இது துணி ஓட்டறதில்லீங்க, துணியிலயே ஓடறது" என்றார். அவர் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வந்தவை இரண்டு இருக்கைகள். அவற்றைப் பிரித்து ஹால் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். தான் ஒன்றில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காண்பித்தார்.

"ஒக்காரு அம்மிணி. இது முடிஞ்சு மொத மொத தரைய உடறப்ப, இந்த சீட்டுல நீதான் இருக்கோணும்."

உட்கார்ந்தேன். எதிரில் சுவரும் காலண்டரும்தான் இருந்தன. இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த நான்கு வருடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபத்தாறு வருடம் செக்கிங்கில் இருந்தவள். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ட்யூப்லைட்டுக்குக் கீழே உள்ளும் புறமும் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. ஓட்டை, கறை, தையல் விட்டது, சுருக்கம், எதுவானாலும் அம்பு. அம்பு இருந்தால் பீஸ் திரும்பிப் போகும். அம்பு இல்லாவிட்டால் என் நம்பர் ஒட்டிப் பெட்டிக்குப் போகும். என் நம்பர் பதினேழு. கடல் தாண்டிப் போன சரக்கில் புகார் வந்தால் நம்பரை வைத்துத்தான் ஆளைப் பிடிப்பார்கள். ஒரு தடவை ஒரு நம்பர் கெட்டுப்போனால், அதன் பிறகு அந்தப் பெண் பார்த்த ஒவ்வொரு பீஸையும் இன்னொருத்தி எடுத்து மறுபடி பார்ப்பாள், அவள் கண்ணெதிரிலேயே. அந்த அவமானம் தாங்காமல் வேலையை விட்டுப் போனவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு நாளும் நேரவில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஷெட்டில் பஞ்சுத் தூசியும் தகரத்துச் சூடும். பசை காய்வதற்கு அது ஆகாது என்று இறக்கைகளை வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஒன்று முடிந்து அது ஷெட்டுக்குப் போனதும் அடுத்தது ஹாலுக்கு வரும். இறக்கைக்குள்ளே குறுக்கே வரிசையாக மெல்லிய மரச்சட்டங்கள் நிற்கும். அவற்றுக்கு ரிப் என்று பெயர், ஆட்டின் விலா எலும்பை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஒரு இறக்கைக்குப் பதினாலு, இரண்டுக்கும் சேர்த்து இருபத்தெட்டு. அவற்றின் மேல் துணியைப் போர்த்தி, பசை போட்டு ஒட்டி, இஸ்திரிப்பெட்டியால் சூடு காட்டினால் துணி சுருங்கி மத்தளம் போல இறுகும். அதன் பிறகு ரிப்போடு சேர்த்துத் துணியைத் தைக்க வேண்டும்.

துணி என்றதும் அவருக்கு என் நினைவு வந்தது. அதுவரைக்கும் பசை டப்பா எடு, விளக்கைப் பிடி என்பதோடு சரி. "நீ வேலைய உட்டுட்டு வந்துரு. உன்னைய மாதிரி தையல் பாக்கறதுக்கு எனக்கு ஆள் கெடைக்குமா?" என்றார். அப்படி அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நான் மயங்கிப்போய் வேலையை விட்டேன். கம்பெனியில் சால்வை போட்டு அனுப்பினார்கள். மீதியிருந்த அம்பு ஸ்டிக்கர் ஷீட் ஒன்றும் நம்பர் ஸ்டிக்கர் சுருள் ஒன்றும் என் கைப்பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டன.

செய்முறைப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பயர் அனுப்பும் ஸ்பெக் ஷீட் படித்துப் படித்து எனக்கு அந்த இங்கிலீஷ் பழக்கம். நான் வாசிப்பேன், அவர் செய்வார். "அதெல்லாம் வக்கீலுக்கு எழுதினது, விசயத்தை மட்டும் படி" என்பார். எது விசயம் என்று அவரே முடிவு செய்வார்.

தையல்தான் பெரிய வேலை. இறக்கையைப் பக்கவாட்டில் நிறுத்தி வைத்து, ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். முழ நீள ஊசி. நான் குத்தினால் அது இறக்கையைத் துளைத்து அவர் பக்கம் போகும், அவர் வாங்கித் திருப்பிக் குத்தினால் என் பக்கம் வரும், நான் முடிச்சுப் போடுவேன். இரண்டு விரக்கடைக்கு ஒரு முடிச்சு. இப்படி ஒவ்வொரு இறக்கைக்கும் இரண்டு மாதத்துக்கு மேல். துணிக்கு அந்தப்பக்கம் அவர் முகம் தெரியாது. ஊசி முனை மட்டும் வரும். சில நாள் பேச்சே இருக்காது. நான் ஊசியைத் தப்பான இடத்தில் விட்டால் அவர் அந்தப்பக்கமிருந்து இரண்டு தட்டுத் தட்டுவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக நாங்கள் வேறெந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு விரல் நுனி வலி மட்டும்தான் தெரிந்தது.

வலது இறக்கை இரண்டாவதாக வந்தது. தைத்து முடித்து, முதல் பூச்சும் அடித்தாகிவிட்டது. அந்தப் பூச்சு கண்ணாடி மாதிரி, துணி தெரியும். அதற்கு மேல் வெள்ளி நிறப் பூச்சு அடிக்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் நான் இறக்கையைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒன்பதாவது ரிப்புக்குப் பக்கத்தில், பின்னோரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு சுருக்கம் கண்ணில் பட்டது.

இருபத்தாறு வருடப் பழக்கம். யோசிக்கவே இல்லை. கைப்பையிலிருந்து ஒரு அம்பை எடுத்து ஒட்டினேன்.

அந்த மாதிரிச் சுருக்கம் பார்வைக்குத்தான் குறை, பறப்பதற்கு அதனால் கெடுதல் இல்லை, அப்படியே விட்டுவிடு என்று புத்தகத்தில் இருந்தது. நானே வாசித்துக் காட்டிய பக்கம்தான். குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் போனால் துணி இழுத்துக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் மரம் தாங்காது என்றும் அதே பக்கத்தில் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் சுருக்கத்தோடு ஒரு பீஸ் வாசல் தாண்டுமா? எனக்கும் மனசு ஒப்பவில்லை, அவருக்கும் ஒப்பவில்லை. அம்பைப் பார்த்ததும் அவர் மூஞ்சி சுண்டிப்போனது. இஸ்திரிப்பெட்டியை எடுத்து வந்து, அதன் சூட்டுத் திருகைப் புத்தகத்தைப் பார்த்து நாங்கள் போட்டு வைத்திருந்த கோட்டுக்கு மேல் ஏற்றினார்.

"ஏனுங்க, கோட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்குதுங்க."

"அம்ப ஒட்டுனது நீதான? எடுக்கறவன் நானு. சும்மா இரு."

சும்மா இருந்தேன். சுருக்கம் போய்விட்டது. போகிற நேரத்தில் உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. தையல் மெஷினில் பாபின் கேஸ் மாட்டும்போது வருமே, அவ்வளவுதான். நான் அவரைப் பார்த்தேன். ஊசி உடைந்த வரிசையைச் சத்தத்தில் சொல்கிற அந்தக் காது, "துணி இழுக்குது" என்றது. அம்பை உரித்துச் சுருட்டி ஜன்னல் வழியே சுண்டிவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் வெள்ளிப் பூச்சு வாங்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். நான் ட்யூப்லைட்டை வயரோடு கழற்றி இறக்கைக்கு அடியில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். கம்பெனியில் துணியை அப்படித்தான் கீழே விளக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளே இருந்தது அத்தனையும் நிழலாகத் தெரிந்தது. பதினாலு ரிப். ஒன்பதாவது ரிப்பின் வால் பக்கத்தில், கோடு விட்டுப்போய் லேசாக விலகி நின்றது. விரலை வைத்து அமுக்கினேன். நெளிந்து கொடுத்தது.

விளக்கை அணைத்துவிட்டு அந்த நாலடியில் உட்கார்ந்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகம் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். உன் ஸ்டிக்கரால்தானே வந்தது என்பார். அது பரவாயில்லை, பாதி உண்மைதான். ஆனால் துணியைக் கிழிக்க வேண்டும். முடிச்சு முடிச்சாகப் போட்ட அத்தனை தையலையும் பிரிக்க வேண்டும். புது ரிப் வர வேண்டும். மறுபடி துணி, மறுபடி பசை, மறுபடி ஊசி. இன்னும் ஒரு வருடம் அந்த இறக்கை என் ஹாலில் கிடக்கும். நினைத்தபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு என் வீடு வேண்டும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

அப்போது கம்பெனிக் கணக்கு கைகொடுத்தது. எங்கள் மேஜையில் நூறு பீஸில் மூன்று நாலு குறை இருந்தால் மொத்தச் சரக்கும் பாஸ். அதற்கு மேல் போனால்தான் நிறுத்துவோம். இருபத்தெட்டு ரிப்பில் ஒன்று. அதுவும் முழுசாக உடையவில்லை. பாஸ். ஆகாயத்தில் போகிற ஒன்றைப் பனியன் பெட்டி மாதிரிக் கணக்குப் போட்டேன். இந்தத் தப்பைச் செய்வதற்குத் திருப்பூரில் இருபத்தாறு வருடம் வேலை செய்திருக்க வேண்டும்.

அவர் திரும்பி வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டார்: "பாத்துட்டியா? எப்புடி இருக்குது?"

"ஓகேங்க" என்றேன்.

"உன் நம்பர ஒட்டு, அப்பத்தான் எனக்குத் திருப்தி."

விளையாட்டுக்குத்தான் கேட்டார். நான் பதினேழை எடுத்து இறக்கையின் அடிப்பக்கத்தில் ஒட்டினேன். மறுநாள் வெள்ளிப் பூச்சு ஏறியது. அதற்கு மேல் எந்த விளக்கு போட்டாலும் உள்ளே தெரியாது.

ஒரு மாதம் கழித்து அதைப் பார்வையிட ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற விமானப் பொறியாளர். துணி போர்த்தும் முன்னால் ஒரு தடவை வந்து சட்டத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். இப்போது துணியோடு பார்த்துச் சரி என்றால் ஓட்டிப் பார்க்கலாம். மெதுவாகப் பேசுவார். இடது இறக்கையை ஷெட்டில் வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தார். ஒவ்வொரு ரிப்பாக விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்ததைக் கண்டதும் நான் அடுப்படிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

எங்கள் ஊரில் பயரின் ஆள் சரக்குப் பார்க்க வந்தால், மோசமான பெட்டி இருக்கும் வரிசைக்கு அவர் வரும் நேரத்தில் சாப்பாடு ரெடி என்று சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டு வந்த கண் வேறு, சாப்பிடாத கண் வேறு. இதை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அங்கே இருந்தால் தானாக வரும். பொறியாளர் ஹாலுக்குள் வந்து வலது இறக்கையில் நாலாவது ரிப்பை அமுக்கிக்கொண்டிருந்தபோது, நான் கதவருகே நின்று, "சாப்பாடு ஆறிப்போகுதுங்க, சாப்பிட்டுட்டுப் பாருங்க" என்றேன். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டாம் தடவையும் சோறு போட்டேன். மோர் ஊற்றினேன். எழுந்து வந்தவர் மீதி ரிப்புகளை நின்றபடியே மேலோட்டமாகத் தடவிப் பார்த்தார். ஒன்பதாவதின் வால் பக்கம் சுவரோரமாக இருந்தது. அப்படித் திருப்பி வைத்தவள் நான்தான்.

பிறகு அவர் குனிந்து முடிச்சுகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி பார்த்தார்.

"இந்தத் தையல் யாருங்க போட்டது? இவ்வளவு ஒழுங்கா நான் எங்கேயுமே பார்த்ததில்லை" என்றார்.

நான் டம்ளரோடு பக்கத்தில்தான் நின்றேன். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை.

"அது ஆள் உட்டுத் தச்சதுங்க. நம்ம ஊர்ல தையலுக்கா பஞ்சம்?" என்றார்.

கொன்று போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நாலரை மாதம் அந்த ஊசியை யார் கையிலிருந்து வாங்கினார்? ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்டதில்லை. வீட்டுப் பெண்பிள்ளையை வைத்துச் செய்தேன் என்றால் மதிப்புக் குறையும் என்று நினைத்திருப்பார். எல்லாவற்றையும் தானே செய்ததாக வெளியில் சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகிப் போயிருக்கலாம்.

பொறியாளர் கையெழுத்துப் போடும் முன்னால், "துணி போர்த்தின பிறகு எதுவும் இடிபட்டதா? ஏதாவது சத்தம் கேட்டதா?" என்று கேட்டார். என் கணவர், "இல்லீங்க" என்றார். வயசானவர், சும்மா விடவில்லை, என் பக்கம் திரும்பி, "நீங்களும் கூட இருந்தீங்களேம்மா?" என்றார். வாயைத் திறந்தால் போதும். அந்த ஒரு இடம் எனக்குத் தட்டில் வைத்து நீட்டப்பட்டது.

"ஆள் உட்டுத் தச்சதுங்களே, எனக்கென்னங்க தெரியும்" என்றேன். சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். குத்திக் காட்டிவிட்ட திருப்தி அடுப்படி போகும் வரைக்கும் இருந்தது.

முதல் சில தடவைகள் தனியாகத்தான் ஓட்ட வேண்டும், பக்கத்தில் யாரையும் ஏற்றக்கூடாது என்று பொறியாளர் சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டிப் பார்க்க இடம் கணியூரில். என் அப்பா வழியாக எனக்கு வந்த நிலம். நோய் வந்து தென்னை மொத்தமும் பட்டுப்போய் வெட்டியதில் வெட்டவெளியாகக் கிடந்தது. அதை உருளை விட்டு அழுத்தி, ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு, விமானத்தைப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே மறுபடி பூட்டி நிறுத்தினார். ஹால் காலியானது. நான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, நடுவில் பாயை விரித்துக் கால் நீட்டிப் படுத்தேன். நினைத்த மாதிரி ஒன்றும் சுகமாக இல்லை. அவரோ ஒரு வாரம் தரையிலேயே ஓட்டிப் பழகினார். தினமும் சாயங்காலம் வந்து கதை கதையாகச் சொன்னார். தரையில்தானே ஓட்டுகிறார், தரையில்தானே ஓட்டுகிறார் என்று நான் சொல்லிக்கொண்டேன். அது தரையில் ஓட்டுவதற்குச் செய்தது இல்லை என்பது தெரியாதவளா நான்?

பிறகு ஒரு காலையில், "புதுச் சேலை கட்டிட்டு வா" என்றார்.

காற்று இல்லை. கொட்டகைக்கு வெளியே வெள்ளி நிறத்தில் அது நின்றது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சூடம் காட்டினார், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். எஞ்சினைப் போட்டுச் சூடாக விட்டுவிட்டு, சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளே அந்த இரண்டு இருக்கைகள், ஹால் தரையில் வைத்த அதே மாதிரி, பக்கத்துப் பக்கத்தில்.

"ஏறு அம்மிணி."

"தனியாத்தான் ஓட்டோணும்னு அந்தய்யா சொன்னாருங்களே."

"அது அவுரு சொன்னது. மொத நாளு நான் உனக்குச் சொன்னது என்ன? ஒரு பன உசரம் எந்திரிச்சா போதும், உடனே எறக்கிப்போடறேன்."

நான் மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை. நாலு வருடமும் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்த மனுசன்தான் ஆள் விட்டுத் தைத்தது என்று சொன்னவரும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது அந்த நிமிஷத்தில் என் தலைக்குள் ஏறவில்லை.

"எனக்கு வேண்டாமுங்க."

"ஏன்?"

"பயமா இருக்குதுங்க."

"உனக்கா?" என்று சிரித்தார். வெள்ளைக்காரப் பயர் மூஞ்சிக்கு நேரே பனியனைத் திருப்பித் தூக்கி எறிந்தவள் நான். அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். சிரிப்பு மெதுவாக நின்றது. என் முகத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே குனிந்து எஞ்சினை அணைத்தார். திடீரென்று அவ்வளவு அமைதி, எங்கேயோ மயில் அகவியது கேட்டது.

"எங்க?" என்றார்.

மெக்கானிக் கேட்கிற மாதிரி அந்த ஒரு வார்த்தைதான். நான் கைப்பையைத் திறந்து, ஒரு அம்பை உரித்து எடுத்து, வலது இறக்கைக்குப் போய், ஒன்பதாவது ரிப்பின் வால் பக்கத்தில் ஒட்டினேன். அவர் வந்து கட்டைவிரலை வைத்து அமுக்கினார். ஒரு தடவைதான் அமுக்கினார்.

"எப்பப் பாத்த?"

"வெள்ளி அடிக்கறதுக்கு முன்னாடிங்க."

"நான் கேட்டப்ப ஓகேன்னயே, அதுக்கு முன்னாடியா?"

"ஆமாங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். "சூட்ட ஏத்துனது நீங்கதானுங்க. சத்தம் உங்களுக்குந்தான் கேட்டுச்சு" என்றும் சொன்னேன். உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை.

அவர் இருக்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு நான் உன்னையக் கூப்புடாம, தனியா ஏறிப் போயிருந்தா?" என்றார். என் பக்கக் கதவைச் சாத்தினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நீ ஏறமாட்ட. நானு ஏறலாம். அப்படித்தான பாஸ் பண்ணிருக்கற?"

இல்லை என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை. ஒரு ரிப் விட்டுப்போனால் விமானம் விழுமா விழாதா என்பதே எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். தெரியாததால்தானே நான் ஏறவில்லை. அவரை மட்டும் எப்படி ஏறவிட்டேன்? அந்த இடத்தில் நான் தடுமாறி நின்றேன். இன்றும் நிற்கிறேன்.

இரண்டு பேருமாக அதைக் கொட்டகைக்குள் தள்ளினோம். எலுமிச்சம்பழம் சக்கரத்தில் நசுங்கிக் கிடந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்த இறக்கையைத் திறக்கவும் இல்லை, விமானத்தைத் தொடவும் இல்லை. பொறியாளர் போன் செய்து விசாரித்தபோது, எஞ்சினில் சின்னக் கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். உறவுக்காரர்கள் கேட்டாலும் அதேதான். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டித் தீர்த்திருந்தால் நானும் பதிலுக்கு அந்த ஆள் விட்டுத் தைத்த கதையை எடுத்திருப்பேன், எங்களுக்கு ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். அவர் அந்தச் சந்தர்ப்பத்தை எனக்குத் தரவே இல்லை. போன மாதம் நிலத்து வரி கட்டக் கணியூர் போனவள் கொட்டகையை எட்டிப் பார்த்தேன். தூசி படிந்து கிடக்கிறது. அம்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது காதர்பேட்டையில் ஒரு பனியன் மொத்த வியாபாரிக் கடையில் சரக்கு பார்த்துக்கொள்ளப் போகிறார். காலையில் குளித்துவிட்டு ஹாலுக்கு வருவார். இப்போது அங்கே தாராளமாக இடம் இருக்கிறது. நான் துவைத்து, தேய்த்து, மடித்து வைத்திருக்கும் சட்டையை எடுப்பார். உதறி, உட்புறத்தை வெளியே திருப்பி, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, தோள் தையல், கைத் தையல், பக்கத் தையல் என்று ஒவ்வொன்றாக விரலை ஓட்டிப் பார்ப்பார். பொத்தானை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். பிறகு திருப்பி, போட்டுக்கொண்டு கிளம்புவார்.

இதை அவர் என் முதுகுக்குப் பின்னால் செய்வதில்லை. நான் டிபன் டப்பாவோடு எதிரில் நிற்கும்போதுதான் செய்கிறார்.